கீச்சிடும் கிட்டாருக்குக் கனிந்த வா பெடல்: ஒரு செய்முறைப் பதிவு

என் கிட்டார் டெலிகாஸ்டர் அமைப்பிலானது. பிரிட்ஜ் பக்கத்து ஒற்றைச் சுருள் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) கம்பியைத் தட்டினால், கண்ணாடிமேல் நாணயம் விழுந்ததுபோல் ஒலி தெறிக்கும். அந்தத் தெறிப்புக்காகத்தான் அதை வாங்கினேன். இன்றும் அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காலால் மிதித்து ஒலியை ‘வா வா’ என்று பேசவைக்கும் வா பெடலோடு சேரும்போதுதான் சிக்கல். குதிகாலை அழுத்தி வைத்திருக்கும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். பாதத்தின் முன்பகுதியைத் தாழ்த்தத் தாழ்த்த ஒலி மெலிந்துகொண்டே போய், கடைசிக் கால்பங்கில் காதுக்குள் ஊசி இறங்குவதுபோல் ஆகிவிடும். ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) டிரெபிளை, அதாவது உயர் அதிர்வெண்களைக் குறைத்தால் பெடல் இல்லாத நேரத்தில் கிட்டார் செத்துவிடுகிறது. கூட்டினால் பெடலை மிதிக்க முடியவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது 1960களின் பிற்பகுதிப் பதிவுகளில் கேட்கும் அந்தக் கனிந்த ஒலி. அது மழுங்கிய ஒலி அல்ல. கூர்மை இருக்கும், குத்தாது. என்ன வித்தியாசம் என்று சொல்வதற்குத் தமிழ் உயிரெழுத்துகளே போதும். ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்ற வரிசையில் ஒரே மூச்சில் இழுத்துச் சொல்லிப் பாருங்கள். குரல்வளை ஒரே சுருதியைப் பிடித்திருக்க, வாயின் வடிவம் மாற மாற ஒலியில் ஒரு முகடு, அதாவது மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கும் ஓர் அதிர்வெண் பகுதி, கீழிருந்து மேலே ஏறுகிறது. வா பெடல் செய்வதும் அதுதான்: சுமார் 450 ஹெர்ட்ஸில் தொடங்கி 2,200 ஹெர்ட்ஸ் வரை ஒரே ஒரு முகட்டை நகர்த்துகிறது. என் பெடல் ஊ-வில் தொடங்கி ஈ-யையும் தாண்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றது. ஏ-யைத் தொட்டதும் அது அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பெடல் இன்று பரவலாக விற்கும் வகை. மூன்று டிரான்சிஸ்டர்கள், 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (தண்டைத் திருப்பினால் மின்தடை மாறும் உதிரி), 9 வோல்ட் பாட்டரி. அடித்தட்டின் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னே. உதிரிகள் காலுள்ள பழைய பாணிப் பலகையாக இருந்தது என் நல்ல நேரம். சில புதிய பலகைகளில் கடுகளவு உதிரிகள் நேரடியாக மேல்பரப்பில் ஒட்டியிருக்கும். அவற்றில் இந்த வேலைக்குக் கை மிகவும் நிதானமாக இருக்க வேண்டும்.

முதலில் செய்தது இன்டக்டரை, அதாவது உட்கருவின்மேல் சுற்றிய கம்பிச் சுருளை, மாற்றியதுதான். வா பெடலைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஹேலோ, ஃபாசல் என்று பழைய இன்டக்டர்களின் பெயர்களைச் சாமி பெயர்போல் உச்சரிப்பார்கள். நானும் நம்பினேன். பழைய இத்தாலிய வார்ப்பைப் பின்பற்றிச் செய்த 500 மில்லிஹென்றி இன்டக்டர் ஒன்றை வரவழைத்தேன். பலகையில் இருந்ததைக் கழற்றும்போது அவசரப்பட்டுவிட்டேன்: ஈயம் முழுதாக உருகும் முன்பே இழுத்ததில் தாமிரத் தடம் ஒன்று நகக்கண்ணிலிருந்து தோல் உரிவதுபோல் பலகையைவிட்டுப் பெயர்ந்து வந்தது. மெல்லிய கம்பி ஒன்றை அடுத்த இணைப்புவரை இழுத்துச் சாலிடர் செய்து சரிக்கட்டினேன். அதன்பிறகு, கழற்ற வேண்டிய ஒவ்வோர் இணைப்பிலும் முதலில் கொஞ்சம் புதிய ஈயத்தை ஊட்டிவிட்டுத்தான் உறிஞ்சும் பம்பை வைக்கிறேன். பழைய ஈயம் புதியதோடு கலந்தால் எளிதில் இளகும், பலகை நோகாது.

புதிய இன்டக்டரைப் பொருத்தி வாசித்தபோது ஒலி மாறிவிட்டது போலவே தோன்றியது. செலவு செய்த மனம் அப்படித்தான் சொல்லும். அதனால் இரண்டு இன்டக்டர்களையும் ஒரு சிறிய சுவிட்சில் இணைத்து, சுவிட்சைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று வாசித்தேன்.

“அண்ணா, இப்போது எது?”

“புதியது. அடிப்பகுதி நிறைந்து கேட்கிறது.”

“இல்லை, பழையதுதான். சுவிட்சையே நான் தொடவில்லை.”

20 முறை செய்தோம். 11 முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறத்தாழ அதே எண்தான் வந்திருக்கும். இன்டக்டருக்கு ஒலியில் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் என் காதைக் குத்திய அந்த ஊசிக்கும் இன்டக்டருக்கும் தொடர்பு இல்லை என்பது அன்றிரவு உறுதியாயிற்று.

அதன்பிறகுதான் சுற்றைக் காகிதத்தில் வரைந்து உட்கார்ந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இந்தச் சுற்றின் பிறப்பே சுவையான கதை. 1966இல் கலிஃபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர், ஓர் ஆம்பில் இருந்த நடுச்சுருதி ஊக்கிக்கான பல நிலைச் சுவிட்சுக்கு மாற்றாக விலை மலிவான பொட்டென்ஷியோமீட்டரைப் பொருத்திப் பார்த்தார். குமிழைத் திருப்பினால் ஒலி பேசியது. அதை ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் வைத்தார்கள். வா பெடல் பிறந்தது. பெடலில் முதலில் பொறிக்கப்பட்ட பெயர் கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞருடையது. டிரம்பெட்டின் வாயை மூடித் திறந்து ‘வா வா’ என்று அழவைத்தவர் அவர். பின்னர் இத்தாலியில் ஜென் நிறுவனம் இவற்றைப் பெருமளவில் செய்தது. அந்தக் காலத்துச் சுற்றில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். என் பெடலில் மூன்று. இந்த வேறுபாட்டை அப்போது கவனித்தேன். அதன் கனம் பிறகுதான் புரிந்தது.

முகடு எங்கே நிற்கிறது என்பதை இரண்டே உதிரிகள் தீர்மானிக்கின்றன: 500 மில்லிஹென்றி இன்டக்டர், 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. இரண்டும் சேர்ந்து ஒத்ததிரும் அதிர்வெண்ணைக் கணக்கிட்டால் 2,250 ஹெர்ட்ஸ் வருகிறது. பாதத்தின் முன்பகுதியை முழுவதும் அழுத்தியபோது கேட்கும் உச்சம் இதுவே. குதிகால் பக்கம் வரும்போது மின்தேக்கி மாறுவதில்லை. முதல் டிரான்சிஸ்டர் பெருக்கிய ஒலியில் எவ்வளவு என்பதைப் பொட்டென்ஷியோமீட்டர் முடிவுசெய்ய, இரண்டாவது டிரான்சிஸ்டர் அதை மின்தேக்கியின் மறுமுனைக்கு ஊட்டுகிறது. அதனால் சிறிய மின்தேக்கி பல மடங்கு பெரிதானதுபோல் நடந்துகொள்கிறது; முகடு கீழே இறங்குகிறது. நகரும் பாகம் ஒன்றே ஒன்று, அதுவும் சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர். ஐந்து பைசா மூளை இல்லாத சுற்று என்று நினைத்திருந்தேன். வரைந்து பார்த்தபிறகு அதன்மேல் பெரிய மரியாதை வந்தது.

உச்சத்தைக் குறைக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. மிதிபலகையின் அடியில் பல் வைத்த நைலான் பட்டை ஒன்று இறங்கி, பொட்டென்ஷியோமீட்டரின் தண்டில் இருக்கும் சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பட்டையைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும் துண்டைத் தளர்த்தி, பட்டையை விலக்கி, சக்கரத்தை இரண்டு மூன்று பல் தள்ளித் திருப்பி மீண்டும் பொருத்தினால் பெடலின் பயண எல்லையே நகர்ந்துவிடும். திருப்பும் முன் சக்கரத்திலும் பட்டையிலும் எதிரெதிராக ஒரு மைப்புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்தேன், நான்கு முறை பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தபோது அந்தப் புள்ளிதான் வழிகாட்டியது. மூன்று பல் தள்ளியதில் ஊசி கொஞ்சம் மழுங்கியது. ஆனால் மேலே வெட்டிய அளவு கீழே கிடைக்கவில்லை. பொட்டென்ஷியோமீட்டர் குதிகால் பக்கத்தில் முன்கூட்டியே எல்லையில் முட்டிக்கொண்டது. பல் ஒடிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு பல் பின்வாங்கினேன்.

அடுத்தது மின்தேக்கி. ஒவ்வொரு மதிப்பையும் சாலிடர் செய்து கழற்றிக்கொண்டிருந்தால் பலகை தாங்காது. ஐசி சாக்கெட் ஒன்றை வெட்டி, இரண்டு துளைகள் மட்டும் உள்ள துண்டை மின்தேக்கி இருந்த இடத்தில் சாலிடர் செய்துவிட்டேன். இனி எந்த மின்தேக்கியையும் கால்களைச் செருகி எடுக்கலாம். 0.012 என்றால் உச்சம் சுமார் 2,050 ஹெர்ட்ஸ், 0.015 என்றால் 1,840, 0.022 என்றால் 1,520. கடைசி மதிப்பில் பெடல் போர்வைக்குள் இருந்து பேசியது. ஆ-வுக்கு மேல் வாயே திறக்கவில்லை. 0.015இல் ஊசி போய்விட்டது. வேலை முடிந்தது என்று நினைத்து ஒரு வாரம் அப்படியே வாசித்தேன்.

முடியவில்லை. ஊசி இல்லை, ஆனால் கனிவும் இல்லை. தாளக்கட்டோடு கம்பிகளை அடித்து வாசிக்கும்போது ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் ‘சடக்’ என்ற வறட்டுச் சத்தம் அப்படியே இருந்தது. முகடு கீழே வந்துவிட்டது. அதற்கு மேலே இருக்க வேண்டிய வெளிச்சம் குறைந்துவிட்டது. அடியின் கடினம் மட்டும் மாறவில்லை. ஒலிப்பெருக்கிக்கு முன்னால் கையை வைத்து மறைத்ததுபோல் இருந்ததே தவிர, எனக்கு வேண்டிய ஒலி வரவில்லை. இதில் என்னை உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வா பெடலோடு வாசித்தது ஸ்ட்ராடோகாஸ்டர். அதுவும் ஒற்றைச் சுருள் பிக்கப்தான், அதுவும் பளிச்சென்ற கிட்டார்தான். 2,200 ஹெர்ட்ஸ் அவருக்கு மட்டும் எப்படிக் குத்தாமல் இருந்தது?

அப்போதுதான் அந்த மூன்றாவது டிரான்சிஸ்டர் நினைவுக்கு வந்தது. அது வா ஒலியை உருவாக்குவதில் கலந்துகொள்வதே இல்லை. கிட்டாருக்கும் பழைய சுற்றுக்கும் நடுவே வாயிற்காவலன்போல் நிற்கும் பஃபர் அது: கிட்டாருக்குச் சுமை தராமல் ஒலியை வாங்கி உள்ளே அனுப்புவது. என் பலகையில் அதன்மேல் எம்பிஎஸ்ஏ13 என்று அச்சிட்டிருந்தது. பழைய பெடல்களில் கிட்டாரின் ஒலி நேராக 68 கிலோ ஓம் மின்தடை வழியே சுற்றுக்குள் போகும். அதனால் பெடல் கிட்டாருக்குச் சுமார் 70 முதல் 100 கிலோ ஓம் சுமையாக உட்கார்ந்தது (இந்த எண் குறையக் குறைய கிட்டாருக்குப் பாரம் கூடும்). பெடலை அணைத்த பிறகும் அந்தச் சுமை விலகாமல் கிட்டாரின் பளிச்சைத் தின்றது. அந்தக் குறையைப் போக்கத்தான் பின்னாளில் பஃபரைச் சேர்த்தார்கள். குறை போயிற்று, அதோடு பழைய ஒலியின் ஒரு பாதியும் போயிற்று.

கணக்கும் இதையே சொல்கிறது. பிக்கப்பின் தூண்டல் 2.5 ஹென்றி என்று கொள்வோம். 6 மீட்டர் கேபிள், மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். பிக்கப்பின் சொந்தக் கொள்திறனையும் சேர்த்து 750 என்று வைத்தால், கிட்டாரும் கேபிளும் மட்டுமே சேர்ந்து 3,700 ஹெர்ட்ஸ் அருகே ஒரு முகட்டை எழுப்புகின்றன. அந்த அதிர்வெண்ணில் பிக்கப்பின் மறிப்பு (மாறுமின்சாரத்தைத் தடுக்கும் அளவு) 58 கிலோ ஓம் அளவு. கிட்டாரில் இருக்கும் இரண்டு 250 கிலோ ஓம் குமிழ்களும் சேர்ந்து தரும் சுமை 125 கிலோ ஓம். 58ஐவிட 125 நன்றாகப் பெரிது. எனவே முகடு தாராளமாக எழும்புகிறது. அதுதான் கண்ணாடிமேல் விழும் நாணயம். இதோடு வா பெடலின் 75 கிலோ ஓம் சேர்ந்தால் மொத்தச் சுமை 47க்கு இறங்கிவிடும். 58க்குக் கீழே வந்ததும் முகடு எழும்ப ஏறத்தாழ வழியே இல்லை, தட்டையாகிச் சரிந்துவிடும். வறட்டுச் சடக் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. அது வா பெடலின் முகடு அல்ல. அதற்கும் மேலே கிட்டாரே எழுப்பிக்கொண்டிருந்த இன்னொரு முகடு. பஃபர் அதைக் கவனமாகக் காப்பாற்றி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

கணக்கை நம்பிப் பலகையை வெட்டுவதற்கு முன் சோதித்துவிட வேண்டும் என்று தோன்றியது. இந்தச் சோதனையை யாரும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம், பெடலைத் திறக்காமலே. ஒரு தகரப் பெட்டியில் இரண்டு ஜாக்குகளைப் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒலி நேராகப் போகும்படி இணைத்தேன். ஒலிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவே 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றை மாறும் மின்தடையாக வைத்தேன். கிட்டார் பெட்டிக்குள், பெட்டி பெடலுக்குள். சாக்கெட்டில் பழைய 0.01 மின்தேக்கியை மீண்டும் செருகினேன். பற்சக்கரத்தையும் மைப்புள்ளிக்கே திருப்பினேன்.

குமிழ் 500இல் இருந்தபோது பழைய ஊசியே கேட்டது. தம்பி கம்பிகளைத் தாளத்தோடு அடித்துக்கொண்டிருக்க, நான் தரையில் உட்கார்ந்து குமிழை மெல்லத் திருப்பினேன். 200 அளவில் ஒன்றும் பெரிதாக இல்லை. 120ஐத் தாண்டியதும் அடியின் முனை உருண்டது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் அந்த ஒலி வந்துவிட்டது. எப்படிச் சொல்வது? பச்சைக்காய் கண்ணெதிரே பழுத்ததுபோல் இருந்தது. பாதத்தை முழுவதும் தாழ்த்தினாலும் குத்தவில்லை. ஈ என்றது, ஆனால் பல்லைக் கடிக்காமல் சொன்னது. தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “அண்ணா, இதுதான். இதற்குமேல் தொடாதே.” குமிழைத் தொடாமல் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். 80 கிலோ ஓமுக்குச் சற்று மேலே. பழைய பெடல்கள் கிட்டாரின்மேல் வைத்த அதே அளவு சுமை. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

டோன் குமிழைக் குறைத்தால் இதே பலன் வராதா என்று கேட்கலாம். ஓரளவு வரும், அதுவும் அந்த முகட்டைத்தான் தட்டுகிறது. ஆனால் பெடலை அணைக்கும் ஒவ்வொரு முறையும் குமிழை ஏற்ற வேண்டும், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டும். பாட்டின் நடுவே அது நடக்காது. சுமை பெடலுக்குள்ளேயே இருந்தால், பெடல் வேலை செய்யும்போது மட்டும் கிட்டார் கனியும். அணைத்ததும் தன் பளிச்சுக்குத் திரும்பிவிடும்.

பஃபரை விலக்கும் வேலை எளிது. 68 கிலோ ஓம் மின்தடையின் பஃபர் பக்கத்துக் காலை மட்டும் பலகையிலிருந்து தூக்கினேன். ஒலி உள்ளே வரும் கம்பியை அந்தக் காலோடு நேராக இணைத்துச் சுருங்கும் குழாயால் மூடினேன். மூன்றாவது டிரான்சிஸ்டரைப் பலகையிலேயே விட்டுவிட்டேன். பிற்காலத்தில் யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் ஒரு காலைத் திரும்பச் செருகினால் போதும். இணைப்புக் கம்பிக்குக் கவசமுள்ள கம்பியைப் பயன்படுத்துங்கள். முதலில் சாதாரணக் கம்பியைப் போட்டுவிட்டேன். பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஒரு ரீங்காரம் பின்னாலேயே வந்தது.

பஃபரை விலக்கினால் சுவிட்சையும் மாற்றியே ஆக வேண்டும். என் பெடலில் இருந்த சுவிட்ச், வெளியே போகும் ஒலியை மட்டுமே இடம் மாற்றும். உள்ளே வரும் ஒலி எப்போதும் சுற்றோடு ஒட்டியே இருக்கும். பஃபர் இருந்தவரை அதனால் பெரிய தீங்கு இல்லை. இப்போது அப்படியே விட்டால் பழைய பெடல்களின் பழைய நோய் திரும்பிவிடும்: அணைத்த பிறகும் கிட்டார் மங்கலாகவே இருக்கும். மூன்று துருவச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, அணைத்த நிலையில் கிட்டார் சுற்றையே தொடாமல் ஆம்புக்குப் போகும்படி இணைத்தேன். மிதிக்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே வரும் முனையிலிருந்து தரைக்கு 2.2 மெகா ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்ததும் அடங்கியது. சுவிட்சை இறுக்கும்போது அதன் உயரத்தைப் பாருங்கள். மேலே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் பாதத்தின் முன்பகுதி முழுப் பயணம் போகும் முன்பே சுவிட்ச் அழுந்தி, நடுவாசிப்பில் பெடல் அணைந்துவிடும். நட்டுகளை ஏற்றி இறக்கி அந்த உயரத்தைச் சரிசெய்யவே எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

சுமை சரியானதும் மற்ற எல்லா மதிப்புகளும் வேறு பொருள் கொண்டன. முன்பு சரியாகத் தோன்றிய 0.015 இப்போது இருட்டாக இருந்தது. 0.01இல் உச்சம் இனிமையாகவே இருந்தாலும், என் கிட்டாருக்கு 0.012 இன்னும் பொருந்தியது. அதையே நிலையாகச் சாலிடர் செய்துவிட்டேன். இன்டக்டருக்கு இணையாக இருக்கும் 33 கிலோ ஓம் மின்தடை முகட்டின் கூர்மையைத் தீர்மானிப்பது. பஃபர் இருந்த நாட்களில் அதை 22 ஆக்கிப் பார்த்திருந்தேன். குத்தல் குறைந்தது, கூடவே உயிரெழுத்தும் மறைந்துவிட்டது, வெறும் டோன் குமிழைத் திருப்புவதுபோல் ஆயிற்று. இப்போது எதிர்த்திசையில் போக முடிந்தது. அந்த இடத்தில் 100 கிலோ ஓம் டிரிம்மர் (சிறிய மாறும் மின்தடை) ஒன்றை வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருப்பினேன். 47இல் பெடல் நன்றாக வாய் திறந்து பேசியது. 70ஐத் தாண்டியதும் மூக்கால் பேசத் தொடங்கியது. 47 நின்றது.

முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் என்ற காலில் என் பலகையில் 390 ஓம் இருந்தது. பழைய சுற்றுகளில் 470 அல்லது 510 காணப்படும். பழமையைப் பின்பற்ற நினைத்து 470 வைத்தேன். பெருக்கம் குறைந்து அடிப்பகுதி மெலிந்தது. கனமான உடலும் தடித்த ஒலியும் உள்ள கிட்டாருக்கு அது நல்லதாக இருக்கலாம். என் கிட்டாருக்கு அடியில் தாங்கல் வேண்டும். 390க்கே திரும்பினேன். பழைய பெடலில் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக எந்த மதிப்பையும் வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

கடைசியாக இன்டக்டர் சோதனையைத் திரும்பச் செய்தோம். அதே சுவிட்ச், அதே தம்பி, அதே 20 முறை. இம்முறை 16 சரி. தனிக் கம்பியைத் தட்டினால் இரண்டுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. குதிகால் பக்கத்தில், தாழ்ந்த கம்பிகளைப் பலமாக அடிக்கும்போதுதான் தெரிந்தது: புதிய இன்டக்டர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, அடியின் முதல் நொடி மெத்தையில் விழுந்ததுபோல் இருந்தது. பலமான ஒலி வரும்போது அதன் உட்கரு காந்த நிறைவை நெருங்குவதால் இப்படி நிகழ்கிறது என்பது என் கணிப்பு. ஊசி போனபிறகுதான் இத்தனை நுட்பமான வேறுபாடு காதுக்கு எட்டியது. புதியதையே வைத்துக்கொண்டேன். ஆனால் இன்னொருவர் பெடலை இப்படி மாற்றித் தரச் சொன்னால் இன்டக்டரைக் கடைசியில்தான் தொடுவேன்.

கிட்டார் பக்கத்திலும் ஒரு சிறு திருத்தம். பிரிட்ஜ் பிக்கப்பின் மெல்லிய கம்பிப் பக்கத்தை அரைத் திருப்பு கீழே இறக்கினேன். முதல் கம்பி மற்றவற்றைவிட முன்னால் துருத்திக்கொண்டிருந்தது அடங்கியது. இன்னொன்றும் கவனித்தேன்: பஃபர் இல்லாததால் கிட்டாரின் வால்யூம் குமிழ் இப்போது பெடலோடு பேசுகிறது. 10இலிருந்து 7க்கு இறக்கினால் ஒலி குறைவதோடு நில்லாமல் இன்னும் கனிகிறது. வா பெடலின் அழுகை மெல்லிய முணுமுணுப்பாகிறது. பஃபர் இருந்தபோது குமிழை இறக்கினால் பெரும்பாலும் சத்தம்தான் குறையும். இது நான் தேடாமல் கிடைத்தது. இப்போது இதற்காகவே மெதுவான பகுதிகளில் 7இல் வைத்து வாசிக்கிறேன்.

ஒரு தொல்லை சேர்ந்தே வந்தது. என்னிடம் ஒலியைக் கரகரப்பாக்கும் இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல் ஒன்று இருக்கிறது. வா பெடலுக்குப் பின்னால் அதை இணைத்தால், அதன் மிகக் குறைந்த உள்ளீட்டு மறிப்பு வா சுற்றின் வெளியீட்டையே இழுத்து அமுக்கிவிடுகிறது. மிதித்தாலும் முகடு நகர்வது தெரிவதில்லை. ஃபஸ்ஸை முன்னால் வைத்தால் வா நன்றாகப் பேசுகிறது, ஆனால் கிட்டாருக்கும் வாவுக்கும் நடுவே ஃபஸ் வந்துவிடுவதால் இத்தனை பாடுபட்டுச் சேர்த்த சுமை கிட்டாரை எட்டுவதில்லை. இதற்கு வா பெடலின் வெளியீட்டில் ஒரு பஃபர் வேண்டும். பலகையில் வேலையில்லாமல் நிற்கும் அந்த மூன்றாவது டிரான்சிஸ்டரை உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு இடம் மாற்றிவிடலாம் என்று காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். அதனால் அடித்தட்டின் நான்கு திருகாணிகளில் இரண்டை மட்டுமே இப்போது முடுக்கியிருக்கிறேன்.